ஐயா இல்லாத வீடு: வன்னியிலிருந்து சில கேள்விகள்

வன்னியில் உளவளத்துணையாளராக வேலை செய்கிறேன். மறுசொல் பொறுக்காத தகப்பனோ தாயோ காலமான பிறகு, வளர்ந்த பிள்ளைகளுக்குள் வரும் சிக்கல்களைப் பற்றிக் கேட்கச் சொல்லியிருந்தேன். வந்தவற்றில் சிலவற்றுக்குப் பதில் இங்கே.

ஐயா இறந்து நான்கு மாதம். எனக்கு அழுகை வரவில்லை. அந்தியேட்டிக் கிரியை முடிந்த இரவு பல வருடங்களுக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கினேன். இது பாவமா? (ஆண், 46, தருமபுரம்)

பாவமில்லை. அவருடைய இருமல் கேட்டாலே எழுந்து நிற்கப் பழகிய உடம்பு உங்களுடையது. இனி அது கேட்காது என்று தெரிந்ததும் தளர்ந்துவிட்டது. அழுகை பிந்தியும் வரும். எனக்குத் தெரிந்த ஒருவருக்கு ஒரு வருடம் கழித்து வந்தது. மண்வெட்டிப் பிடியில் தகப்பன் சுற்றியிருந்த சைக்கிள் ரியூப் துண்டைக் கண்டதும் வரம்பிலேயே இருந்து அழுதார். வராவிட்டாலும் குற்றமில்லை. ஆனால் வாரக்கணக்கில் தூக்கம் கெட்டு, சாப்பாடு இறங்காமல், சாகவேண்டும் என்ற எண்ணம் வந்தால் பிந்தாமல் தேசிய மனநல உதவி இலக்கமான 1926க்கு அழையுங்கள்.

நாங்கள் நான்கு பேர். பெரியண்ணா ஐயாவின் சாய்மனைக் கதிரையில் இருந்துகொண்டு அதே குரலில் கட்டளை போடுகிறார். கடைசித் தம்பி வீட்டுக்கு வருவதையே விட்டுவிட்டான். ஐயாவைப் பற்றி யார் வாயெடுத்தாலும் சண்டை. (பெண், ஒட்டுசுட்டான்)

பெரியண்ணாவுக்கு அதிகார ஆசை என்று உடனே முடிவு கட்டாதீர்கள். "நான் இல்லாவிட்டால் நீதான்" என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்த மூத்த பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். வேறு குரலில் பேச அவர்களுக்கு யாரும் பழக்கவில்லை.

போர் முடிந்த 2009ஐயும் நினைத்துப் பாருங்கள். முள்ளிவாய்க்கால் வரை இடம்பெயர்ந்த நாட்களில் "கிட" என்றால் கிடக்க வேண்டும், "ஓடு" என்றால் ஓட வேண்டும். ஏன் என்று கேட்க நேரமில்லை. அந்தக் குரல் எத்தனையோ பிள்ளைகளைப் பங்கருக்குள் இறக்கி உயிரோடு கரை சேர்த்தது. மீள்குடியேறிய பிறகும் பல வீடுகளில் அது இறங்கவே இல்லை. எந்தப் பாடம் படிப்பது, யாரைக் கட்டுவது எல்லாவற்றுக்கும் அதே "கிட", அதே "ஓடு". அப்போது இருபது வயதில் இருந்த அண்ணாவுக்குத் தன்னைக் காப்பாற்றிய ஐயா ஞாபகம். ஆறு வயதில் இருந்த தம்பிக்குப் பிறகு வந்த வருடங்களின் பூவரசந்தடி ஞாபகம். இரண்டும் உண்மை. யாருடைய ஐயா சரியான ஐயா என்று வழக்காடினால் ஒருவரும் வெல்லப்போவதில்லை.

உங்கள் வீட்டில் ஒருவர் செய்தி மற்றவருக்கு ஐயா வழியாகத்தான் போயிருக்கும். தண்ணீர் திறந்துவிடும் குளத்துத் துருசு ஒருவர் கையில் இருந்த மாதிரி. அதனால் தம்பியிடம் அண்ணாவைக் கொண்டு சொல்வித்துவிடாதீர்கள். நீங்களே போங்கள். முதல் தடவை ஐயாவின் பேச்சை எடுக்காமல், அவன் என்ன சமைத்துச் சாப்பிடுகிறான் என்று கேட்டுவிட்டு வாருங்கள். அண்ணாவிடம் "இதை நீங்கள் தனியாகச் சுமக்க வேண்டாம்" என்று சொல்லி ஒரு பொறுப்பைக் கேட்டு வாங்குங்கள். அம்மாவின் கிளினிக்காக இருக்கலாம், வயல் கணக்காக இருக்கலாம். கதிரையைப் பிள்ளைகள் விளையாடும் பக்கம் நகர்த்துங்கள். ஒரு வீட்டில் பேரப்பிள்ளைகள் ஏறி இருக்கத் தொடங்கியதும், அந்தக் கதிரையைச் சுற்றி நடந்த பெரியவர்களும் அதில் இருந்தார்கள்.

ஐயா இந்த வருடம் காலமானார். அம்மா முன்பே இல்லை. அரசு கொடுத்த குடியேற்றத்திட்டப் பெர்மிட் காணிக்குப் பின்னுரித்தாளராக, அதாவது தனக்குப் பிறகு உரிமை பெறுபவராக, யாரையும் எழுதவில்லை. மூத்தவள் நான். ஆண்பிள்ளைக்குத்தான் என்று தம்பி சொல்கிறான். (பெண், விசுவமடு)

தம்பி சொல்வது பழைய முறை. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தில் மகன்மாருக்கு இருந்த முன்னுரிமை 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தோடு நீங்கிவிட்டது. இப்போது ஆணோ பெண்ணோ மூத்தவருக்கே முன்னிடம். இறந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் காணியில் உரிமை ஏற்காவிட்டால் அது கைநழுவலாம். கோபத்தில் நாளைக் கடத்தாமல் பிரதேச செயலகத்தின் காணிப் பகுதிக்குப் போங்கள். சட்டம் ஒருவர் பெயருக்குத்தான் கொடுக்கும். அந்த வயலில் தம்பி எத்தனை காலபோகம் (மாரிப் பயிர்) விதைத்தான் என்பதை நீங்கள்தான் நினைக்க வேண்டும். அவனிடம் முதலில் சொல்லிவிட்டுப் போவது நல்லது.

ஐயாவின் ஆட்டைத் திவசத்துக்கு (முதலாண்டு நினைவுக் கிரியைக்கு) காசு அனுப்புகிறேன். என்ன செய்யவேண்டும் என்று சொன்னால் தங்கச்சிமார் போனை வைத்துவிடுகிறார்கள். (ஆண், கனடா)

அடுத்த தடவை கட்டளைக்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: "நீங்கள் எப்படிச் செய்ய நினைக்கிறீர்கள்?" காசைப் பற்றி அன்றைக்குப் பேசவேண்டாம்.

ஐயா போனதிலிருந்து அம்மா என்ன கறி வைப்பது என்றும் என்னிடம் கேட்கிறார். வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போகலாமா என்று அனுமதி கேட்டார். என்ன சொல்வது? (ஆண், முள்ளியவளை)

"போங்கள்" என்றும் சொல்லாதீர்கள், அதுவும் அனுமதிதான். "எத்தனை மணிக்கு வெளிக்கிடுகிறீர்கள் அம்மா, பஸ்ஸிலா ஆட்டோவிலா?" என்று கேளுங்கள். பதில் சொல்ல நேரமெடுப்பார். உங்கள் வாயில் பதில் வந்துவிடும், அடக்கிக்கொண்டு பக்கத்தில் இருங்கள்.