எண்ணூர் துறைமுகமும் காட்டுப்பள்ளி துறைமுகமும் பக்கத்துல பக்கத்துல, ஆனா ஒண்ணு சென்ட்ரல் ஒண்ணு ஸ்டேட்னு சொல்றாங்களே, எப்படி?

நல்ல கேள்வி. அரசியலமைப்புப்படி மேஜர் போர்ட்னு அறிவிச்சதெல்லாம் மத்திய அரசுகிட்ட, மத்தது கன்கரண்ட் லிஸ்ட்ல, அதாவது மத்திய, மாநில அரசு ரெண்டும் சட்டம் போடக்கூடிய பொதுப்பட்டியல்ல வருது, அதை நடைமுறைல மாநிலம்தான் பாத்துக்குது. நம்ம ஊர்ல சென்னை, எண்ணூர், தூத்துக்குடி மூணும் மேஜர். காட்டுப்பள்ளி, கடலூர், நாகப்பட்டினம் எல்லாம் தமிழ்நாடு கடல்சார் வாரியத்துக்குக் கீழ.

சைஸுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. குஜராத்ல முந்த்ரா எந்த மேஜர் போர்ட்டையும் விட அதிகமா சரக்கு கையாளுது, ஆனாலும் அது நான்-மேஜர்தான்!

இன்னொரு கூத்து, சென்னை, தூத்துக்குடிக்கு 2021 மேஜர் போர்ட் சட்டப்படி நிர்வாக வாரியம் இருக்கு, துறைமுகக் கட்டணத்தையும் அந்த வாரியமே ஃபிக்ஸ் பண்ணலாம், ஆனா எண்ணூர் காமராஜர் போர்ட் ஒரு கம்பெனி, அதனால அந்தச் சட்டமே அதுக்குப் பொருந்தாது, கம்பெனி சட்டப்படி ஓடுது, அதோட ஓனர் யாருன்னா சென்னை போர்ட். காட்டுப்பள்ளி 2018ல அதானி கைக்குப் போச்சு, ஆனா துறைமுகம் நடத்த அனுமதி குடுக்கறது, மேற்பார்வை பாக்கறது எல்லாம் மாநில வாரியம்தான்.

அதுக்காக உள்ள எல்லாமே ஸ்டேட்னு நெனச்சுடாதீங்க. வெளிநாட்டு இறக்குமதி சரக்கை எடுக்கணும்னா எந்த போர்ட்டா இருந்தாலும் பில் ஆஃப் என்ட்ரி (இறக்குமதி விவரம் சொல்ற படிவம்) போட்டு கஸ்டம்ஸ் கிளியரன்ஸ் வாங்கித்தான் ஆகணும், அது முழுக்க சென்ட்ரல். கப்பல்ல வந்த ஆள் கரைல இறங்க இமிக்ரேஷனும் அப்படித்தான். கேட்டுக்கு வெளிய லாரி க்யூல சண்டை வந்தா அது லோக்கல் போலீஸ்.