பாட்டைக் கலக்கும் கைக்கு ஏற்ற கன்ட்ரோலர்: கேள்வி பதில்

இலங்கையின் கிழக்குக் கரையில் வாழைச்சேனையிலிருந்து பொத்துவில் வரை கலியாண வீடுகளிலும் கடற்கரை விருந்துகளிலும் நீண்ட காலமாகப் பாட்டுப் போட்டு வருகிறேன். மடிக்கணினியில் இருக்கும் பாட்டுகளைக் கையால் கலக்க உதவும் டீஜே கன்ட்ரோலர் வாங்க எண்ணியிருக்கும் தம்பி தங்கைகள் அனுப்பிய கேள்விகளில் பலருக்கும் பயன்படக்கூடியவற்றை எடுத்து, இயன்றவரை விளக்கமாகப் பதில் எழுதியிருக்கிறேன்.

களுவாஞ்சிகுடியிலிருந்து: அண்ணா, முதன்முதலாக வாங்கப் போகிறேன். இரண்டு சானல் போதுமா, நான்கு வேண்டுமா?

தம்பி, சானல் என்பது ஒரு பாட்டு ஓடும் தனிப் பாதை; இரண்டு தாராளமாகப் போதும். மண்டபத்தில் ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே அடுத்த பாட்டைக் காதில் கேட்டுச் சரிசெய்து உள்ளே கொண்டுவருவதுதான் இந்தத் தொழிலின் உயிர். அதற்கு இரண்டு சானலுக்கு மேல் தேவையில்லை. சானலை எண்ணுவதற்கு முன், கன்ட்ரோலருக்குள் ஒலியை வெளியே அனுப்பும் சவுண்ட் கார்ட் இருக்கிறதா என்று பாருங்கள். மண்டபத்துக்கு ஒரு ஸ்டீரியோ ஒலியும் ஹெட்போனுக்கு வேறொரு ஸ்டீரியோ ஒலியும் தனித்தனியே வெளிவந்தால்தான் சனம் ஒன்றைக் கேட்கும் நேரத்தில் நீங்கள் மற்றொன்றைக் கேட்க முடியும். பயனியரின் டிடிஜே-200 என்ற சிறிய மாடலில் சவுண்ட் கார்ட் இல்லை. பிரிப்பு வயரைப் போட்டுத்தான் இரண்டையும் பிரிக்க வேண்டும், அப்போது இரு பக்கமும் இடம் வலம் பிரியாத மோனோ ஒலியே கிடைக்கும். வீட்டில் பழகுவதற்கு அது போதும், கலியாண மண்டபத்துக்குப் போதாது. அதே நிறுவனத்தின் டிடிஜே-எஃப்எல்எக்ஸ்4, நியூமார்க்கின் மிக்ஸ்ட்ராக் புரோ எஃப்எக்ஸ், ஹெர்குலிஸின் இன்பல்ஸ் 300 ஆகிய மூன்றிலும் சவுண்ட் கார்ட் உண்டு. மூன்றும் யூஎஸ்பி வயர் வழியே மடிக்கணினியிலிருந்து மின்சாரம் எடுப்பவை என்பது நம்முடைய பகுதிக்குப் பெரிய வசதி. கரண்ட் போய் ஜெனரேட்டர் எழும்பும் வரை ஒலிபெருக்கிப் பெட்டிகள் அடங்கிக் கிடந்தாலும், மடிக்கணினியின் பேட்டரியில் உங்கள் கன்ட்ரோலர் உயிரோடு இருக்கும். நிறுத்தி வைத்தால் பாட்டு விட்ட இடத்திலேயே காத்திருக்கும்.

சம்மாந்துறையிலிருந்து: அண்ணன், ரெகார்ட்பாக்ஸ், செராட்டோ, விர்ச்சுவல் டீஜே என்று பல மென்பொருள்களின் பெயர் சொல்கிறார்கள். கன்ட்ரோலரை வாங்கிவிட்டுப் பிறகு மென்பொருளைத் தெரிவு செய்தால் என்ன?

அந்த வரிசையைத் தலைகீழாக்குங்கள் தம்பி. கன்ட்ரோலர் என்பது கைப்பிடி மட்டுமே. பாட்டு மடிக்கணினியில் இருக்கிறது, கலப்பதும் மென்பொருள்தான். நீங்கள் ஒரு குமிழைத் திருகும்போது கன்ட்ரோலர் அனுப்புவது, பெரும்பாலும் 1983இல் வெளிவந்த மிடி என்ற முறைப்படி அமைந்த ஓர் எண்ணைத்தான். அந்த எண்ணுக்கு என்ன பொருள் என்று மென்பொருளுக்குத் தெரிந்திருந்தால்தான் உங்கள் கைக்குப் பாட்டு அசையும். ஆகவே எந்த மென்பொருளில் வேலை செய்யப் போகிறீர்கள் என்று முதலில் முடிவெடுத்து, அதைத் திறந்துவிடும் கன்ட்ரோலரைத் தேடுங்கள். எஃப்எல்எக்ஸ்4ஐச் சொருகினால் ரெகார்ட்பாக்ஸில் நேரடியாகப் பாட்டுக் கலக்கும் பகுதி கட்டணமின்றித் திறக்கும். செராட்டோ டீஜே லைட்டும் அதில் ஓடும், ஆனால் செராட்டோ புரோ வேண்டுமானால் தனியே பணம் கட்ட வேண்டும். விர்ச்சுவல் டீஜே மிகப் பல கன்ட்ரோலர்களை ஏற்றுக்கொள்ளும் என்றாலும், கூலிக்கு வாசிப்பவர் அதற்கு உரிமம் வாங்கியாக வேண்டும். பணம் கட்ட வழியில்லாதவர்களுக்கு மிக்ஸ்எக்ஸ் என்ற கட்டற்ற மென்பொருள் இருக்கிறது. அது லினக்ஸிலும் ஓடும். உங்கள் கன்ட்ரோலருக்கு அதில் ஒழுங்கமைவுக் கோப்பு இருக்கிறதா என்பதை மட்டும் வாங்குமுன் பார்த்துவிடுங்கள்.

கல்லடியிலிருந்து: அண்ணா, நான் சுவாமி விபுலாநந்தா அழகியல் கற்கைகள் நிறுவகத்தில் இசை பயிலும் மாணவி. பைலாப் பாட்டுகளை ஏற்றினால் மென்பொருள் வேகத்தைத் தவறாகக் காட்டுகிறது. இரண்டு பாட்டின் வேகத்தையும் தானாகச் சேர்க்கும் சிங்க் பொத்தானை அழுத்தினால் இரண்டு பாட்டும் மோதிக்கொள்கின்றன. இது கன்ட்ரோலரின் குறையா?

தங்கச்சி, மட்டக்களப்பில் இந்தத் தொழில் செய்யும் எல்லோரும் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது. ஐரோப்பிய வழிவந்த பறங்கியர் வீட்டுக் கலியாணமோ எங்கள் வீட்டுக் கலியாணமோ, இரவு பத்து மணிக்கு மேல் பைலா இல்லாமல் சனம் எழும்பாது. கன்ட்ரோலர் மேல் குறை இல்லை. மென்பொருள் பெரும்பாலும் நான்கு அடித் தாளத்தை எதிர்பார்த்துத்தான் கணக்கிடுகிறது. பைலாவோ, நீங்கள் படித்த மொழியில் சொன்னால், திஸ்ர நடையில் ஆடுகிறது. ஓர் அடிக்குள் மூன்று சிறு தட்டுகள் இருக்க, மென்பொருள் இரண்டு தட்டுகளை ஓர் அடியாக எண்ணிவிட்டால், நிமிடத்துக்கு 120 அடியாக இருக்க வேண்டியது 180 என்றோ அதன் பாதியான 90 என்றோ திரையில் தெரியும். அந்தப் பிழையான எண்ணை நம்பித்தான் சிங்க் இரண்டு பாட்டையும் இழுத்துப் பிடிக்கிறது. பாட்டை ஓடவிட்டு, நீங்கள் காலால் போடும் தாளத்துக்கு டாப் (TAP) பொத்தானைத் தட்டி வேகத்தைத் திருத்துங்கள். திரையில் தாள அடிகளைக் காட்டும் அடிக்கோடுகளை முதல் அடியில் கொண்டுபோய் வைத்துச் சேமியுங்கள். மேளக்காரர் கையாலேயே வாசித்துப் பதிவான பழைய பாட்டுகளில் வேகம் இடையிடையே ஏறி இறங்கும் என்பதால், ரெகார்ட்பாக்ஸில் பகுப்பாய்வை, வேக மாற்றத்தைப் பின்தொடரும் டைனமிக் முறைக்கு மாற்றிப் பார்ப்பதும் உதவும்.

அப்படியும் சில பாட்டுகள் அடங்காது. அவற்றைக் காதால்தான் சேர்க்க வேண்டும். கன்ட்ரோலரின் தரம் அங்கேதான் தெரியும். சாதாரண மிடி செய்தியில் ஒரு குமிழுக்கு 128 நிலைகள்தான் உண்டு. பாட்டின் வேகத்தை மாற்றும் நழுவு பிடியான வேக ஃபேடரும் அதே கணக்கில் அனுப்பினால், 120 அடிப் பாட்டில் கூட்டவும் குறைக்கவும் 16 சதவீத வீச்சை வைத்துக்கொண்டு ஃபேடரை மேலிருந்து கீழே இழுக்கும்போது ஒவ்வொரு படிக்கும் ஏறத்தாழ 0.3 அடி தாவும்; அந்தத் தாவலில் இரண்டு மேளமும் அரை நிமிடத்தில் விலகிவிடும். நல்ல கன்ட்ரோலர்கள் ஃபேடருக்கு 14 பிட் செய்தி அனுப்புகின்றன, அதில் 16,384 நிலைகள். ஃபேடர் எவ்வளவு நீளமாக இருக்கிறதோ அவ்வளவுக்குக் கையும் நுணுக்கமாக அசையும். வீச்சையும் 6 அல்லது 8 சதவீதத்துக்குக் குறைத்து வைத்துப் பழகுங்கள். தாளம் கற்ற உங்களுக்கு இது மற்றவர்களைவிட விரைவில் கைவரும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அக்கரைப்பற்றிலிருந்து: பாட்டை முன்னும் பின்னும் தள்ளும் வட்டச் சக்கரமான ஜொக் வீலைத் தொட்டால் ஒலி சற்றுப் பிந்தி வருகிறது. பழுதா?

பஃபர் அளவை, அதாவது கணினி ஒலியை வெளியிடுமுன் சேர்த்து வைக்கும் மாதிரிகளின் எண்ணிக்கையைப் பாருங்கள். நொடிக்கு 44,100 மாதிரிகள் என்ற கணக்கில் 1024 என்று வைத்தால் 23 மில்லி நொடி பிந்தும், 256 என்றால் 6 மில்லி நொடிதான். விண்டோஸ் கணினியாக இருந்தால் கன்ட்ரோலர் நிறுவனம் தரும், ஒலித் தாமதத்தைக் குறைக்கும் ஏஎஸ்ஐஓ டிரைவரை நிறுவி, ஒலி வெடிக்கத் தொடங்கும் வரை அளவைக் குறைத்து, அங்கிருந்து ஒரு படி ஏற்றி நிறுத்துங்கள்.

காரைதீவிலிருந்து: மண்டபப் பெட்டிகளில் இணைத்தால் ம்ம்ம் என்று இரைச்சல் வருகிறது. வீட்டில் அப்படி இல்லை.

மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். இரைச்சல் நின்றால், சார்ஜர் வழியாகவும் மண்டப ஆம்ப் வழியாகவும் இரண்டு பாதையில் எர்த் சுற்றுகிறது என்று பொருள். கன்ட்ரோலருக்கும் மண்டப மிக்சருக்கும் நடுவில் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபோர்மர் ஒன்றைப் போட்டால் தீரும். இரைச்சலை நிறுத்துவதற்காக எர்த் வயரை வெட்டும் பழக்கம் நம்மிடையே இருக்கிறது. ஈரத் தரையில் ஜெனரேட்டர் கரண்டோடு நிற்கும் இடத்தில் அது உயிரை எடுக்கும், தயவுசெய்து செய்யாதீர்கள். எஃப்எல்எக்ஸ்4 போன்றவற்றில் இரைச்சலை எளிதில் பிடிக்கும் ஆர்சிஏ வெளியீடு மட்டுமே இருப்பதால் அந்த வயரை இரண்டு மூன்று மீட்டருக்கு மேல் இழுக்க வேண்டாம். மிக்சரை உங்கள் மேசைக்கே கொண்டுவந்து, அங்கிருந்து நீண்ட தூரத்திலும் இரைச்சல் பிடிக்காத எக்ஸ்எல்ஆர் வயரில் பெட்டிகளுக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

பொத்துவிலிலிருந்து: அறுகம்பையில் சில இடங்களில், மடிக்கணினி இல்லாமலே யூஎஸ்பி பென்னிலிருந்து பாட்டு ஓட்டும் சிடிஜே வைத்திருக்கிறார்கள். கன்ட்ரோலரில் பழகினால் அதில் வாசிக்க முடியுமா?

முடியும். ரெகார்ட்பாக்ஸில் பாட்டுகளை ஒழுங்குபடுத்தி, எஃப்ஏடி32 முறையில் அமைத்த யூஎஸ்பி பென்னுக்கு ஏற்றுமதி செய்து கொண்டு போங்கள். 320 கிலோபிட் எம்பி3யாக 1000 பாட்டு வைத்தாலும் ஏறத்தாழ 12 ஜிகாபைட்டுக்குள் அடங்கிவிடும்.

ஓட்டமாவடியிலிருந்து: புதியது வாங்க வசதியில்லை. பாவித்ததை வாங்கலாமா? எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

வாங்கலாம் தம்பி. ஆனால் ஹெட்போனும் மடிக்கணினியும் கையில் இல்லாமல் போகாதீர்கள். நான் ஒருமுறை வெளித்தோற்றம் பளபளவென்று இருந்த ஒன்றை வாங்கி வந்து, இரவில், ஒரு பாட்டிலிருந்து மற்றதுக்கு மாற்றும் கிராஸ்ஃபேடரை ஒரு பக்கம் முழுவதும் தள்ளிவிட்டுக் கேட்டேன். மூடிய பக்கத்து நாதஸ்வரம் நூல் போல மெல்லியதாகக் கசிந்துகொண்டே இருந்தது. திறந்து பார்த்தபோது தகட்டில் பச்சைப் பூஞ்சணம் போல உப்புக் கறை படிந்திருந்தது. வாவிக்கும் கடலுக்கும் நடுவே வாழும் நமக்கு இது வழமையான வியாதி. ஆகவே ஒவ்வொரு ஃபேடரையும் மூடிவைத்து ஹெட்போனில் கசிவைக் கேளுங்கள். வேக ஃபேடரை ஓரிடத்தில் விட்டுவிட்டுத் திரையில் எண் தானாக ஆடுகிறதா என்று பாருங்கள். தட்டி ஒலி எழுப்பும் பாட் (pad) பொத்தான்களை ஒவ்வொன்றாக அழுத்துங்கள். ஜொக் வீலை, தொட்டால் நிற்கும் வினைல் முறையில் வைத்து, அதன் மேற்பரப்பை ஒற்றை விரலால் மெதுவாகத் தொட்டால் பாட்டு நிற்க வேண்டும். கடைசியாக யூஎஸ்பி வயரை, பாட்டு ஓடும்போதே, இலேசாக இடமும் வலமும் அசைத்துப் பாருங்கள். ஒலி ஒரு கணம் வெட்டினாலும் அந்த உபகரணத்தை விட்டுவிட்டு வந்துவிடுங்கள். நல்லது கிடைத்துவிட்டால், ஒவ்வொரு விருந்து முடிந்ததும் உலர்ந்த துணியால் துடைத்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் இரண்டை உள்ளே போட்டுப் பெட்டியை மூடுங்கள். மேசையில் வைக்கும்போது யூஎஸ்பி வயரை மேசைக் காலில் ஒரு சுற்றுச் சுற்றிக் கட்டுங்கள். ஆடும் பிள்ளைகளின் கால் இடறினாலும் இழுப்பு அந்த முடிச்சோடு நின்றுவிடும்.