சேமிப்புப் பானையை எடுத்துக் கடனை அடைக்கலாமா?

கேள்வி: டர்பன் ஃபீனிக்ஸில் ஒரு கிடங்கின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். வயது 47, ஆண்டுச் சம்பளம் 3 லட்சம் ராண்ட். ஓய்வூதிய நிதியின் சேமிப்புப் பானையில், அதாவது ஓய்வுக்கு முன்பே எடுக்கக்கூடிய பகுதியில், 30,000 ராண்ட் இருக்கிறது. கிரெடிட் கார்டில் 16,000 பாக்கி. இரண்டு துணிக்கடைக் கணக்குகளில் 4,800, 1,400. பானையை எடுத்து எல்லாவற்றையும் ஒரேயடியாக அடைத்துவிடலாம் என்கிறார் கணவர். கூடவே கூடாது என்கிறான் தம்பி. யார் சொல்வது சரி? – சாட்ஸ்வொர்த் வாசகி

பதில்: கணவர் வட்டியைப் பார்க்கிறார், தம்பி முதுமையைப் பார்க்கிறார். இருவரும் வரியைப் பார்க்கவில்லை. முதலில் அதைப் பார்த்துவிடுவோம்.

தென்னாப்பிரிக்க ஓய்வூதிய நிதிகளில் 2024 செப்டம்பர் 1-இல் தொடங்கிய ‘இரு பானை’ முறையில், அன்று முதல் நீங்கள் கட்டும் சந்தாவில் மூன்றில் ஒரு பங்கு சேமிப்புப் பானைக்கும், மீதி ஓய்வுக்காலம் வரை தொட முடியாத பானைக்கும் போகிறது. சேமிப்புப் பானையிலிருந்து வரி ஆண்டுக்கு ஒருமுறை, குறைந்தது 2,000 ராண்ட் எடுக்கலாம். எடுக்கும் தொகை அந்த ஆண்டு வருமானத்தோடு சேர்ந்துகொள்ளும். உங்கள் சம்பளம் 26 சதவீத வரிப் படியில் இருக்கிறது. ஆகவே 30,000 எடுத்தால் 7,800 வரிக்குப் போய்க் கையில் 22,200 நிற்கும். நிதி நிர்வாகம் பிடிக்கும் கட்டணம் தனி. இதே பணத்தை ஓய்வு பெறும்போது ரொக்கமாக வாங்கினால், மொத்தத் தொகையில் முதல் 5.5 லட்சம் ராண்டுக்கு வரியே கிடையாது.

உங்கள் கடனும் சரியாக 22,200 என்பதால் ஒப்பிடுவது சுலபம். வட்டி 20 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். பானையைத் தொடாமல் மாதம் 2,060 ராண்ட் கட்டினால் ஒரே ஆண்டில் கடன் தீரும். வட்டி சுமார் 2,480. மாதம் 1,000 கட்டினால் 28 மாதம், வட்டி 5,750 அளவில். மாதம் 825 என்றால் மூன்று ஆண்டு. வட்டி 7,500, அதாவது ஏறக்குறைய வரிக்குச் சமம். இதையும் கட்ட முடியாது என்றால்தான் கணவரின் யோசனையில் கணக்குப்படி நியாயம் பிறக்கிறது. அதற்குள்ளும் ஓர் இழப்பு ஒளிந்திருக்கிறது: அந்த 30,000 ராண்ட் பணவீக்கத்துக்கு மேல் 4 சதவீதம் வளர்ந்தால், உங்கள் 67-ஆவது வயதில் இன்றைய மதிப்பில் சுமார் 65,700 ஆகியிருக்கும்.

கணக்கைவிட எனக்கு அதிகக் கவலை தருவது அடைத்த பிறகு நடப்பது. டீன் கார்லன், செந்தில் முல்லைநாதன், பெஞ்சமின் ராத் ஆகிய பொருளியலாளர்கள் 2019-இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். சென்னையிலும் பிலிப்பைன்ஸிலும் சந்தை வியாபாரிகளின் கந்துவட்டிக் கடனை ஆய்வாளர்களே முழுவதுமாக அடைத்துவிட்டார்கள். பெரும்பாலோர் ஆறே வாரத்தில் மறுபடியும் கடன் வாங்கினார்கள். ஓரிரு ஆண்டில், கடன் அடைக்கப்படாத வியாபாரிகளுக்கும் இவர்களுக்கும் வித்தியாசமே இல்லை. அவர்களைப் பொறுப்பில்லாதவர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கடனை உண்டாக்கிய காரணம் அப்படியே இருந்தது, அவ்வளவுதான். உங்கள் வீட்டில் அந்தக் காரணம் எது? ஜனவரியில் பள்ளிச் சீருடையா, தீபாவளித் துணியா, மாதச் சம்பளமே போதாததா? பதில் தெரியாமல் கார்டைக் காலி செய்தால், காலியான கார்டு சும்மா இருக்காது.

ஆகவே மாதம் 1,000 ராண்ட் ஒதுக்க முடியுமானால் பானையைத் தொடாதீர்கள் என்பதே என் கருத்து. அந்த ஆயிரத்தை எங்கே போடுவது என்பதிலும் நம் கை தவறாகத்தான் போகும். பிரிட்டனில் பல கார்டு வைத்திருப்பவர்களை ஆராய்ந்து 2019-இல் வெளியான ஓர் ஆய்வு, மக்கள் வட்டி அதிகமுள்ள கார்டுக்கு முன்னுரிமை தருவதில்லை, எதில் பாக்கி பெரிதோ அதில் பெரிய தொகை கட்டுகிறார்கள் என்று காட்டியது. எல்லாவற்றுக்கும் குறைந்தபட்சத் தவணை, மிச்சம் முழுவதும் அதிக வட்டிக்கு என்பதே பொது விதி.

உங்களுக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு சொல்வேன். துணிக்கடைக் கணக்கின் மாத அறிக்கையில் வட்டியைக் காட்டும் வரிசைக்குக் கீழே பாருங்கள்: சேவைக் கட்டணம், கடன் காப்பீடு என்று சில்லறையாக நிற்கும். சேவைக் கட்டணம் மட்டும் மாதம் 60 ராண்ட் என்றால் ஆண்டுக்கு 720. பாக்கியோ 1,400! வட்டியே இல்லாவிட்டாலும் இது பாதிக்கு மேல் தின்கிறது. ஆகவே அந்தச் சின்னக் கணக்கை முதலில் தீர்த்து, கடைக்கு எழுதி மூடிவிடுங்கள். பாக்கியைப் பூஜ்யமாக்கினால் மட்டும் போதாது. கணக்கு திறந்திருந்தால் கடை அடுத்த தள்ளுபடிக்கு அழைக்கும்.

மன உறுதியை நம்பாமல், சம்பளம் விழும் நாளிலேயே வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கும்படி டெபிட் ஆர்டர் போடுங்கள். ரிச்சர்ட் தேலரும் ஷ்லோமோ பெனார்ட்சியும் 2004-இல் வெளியிட்ட ஆய்வில், இனி வரப்போகும் ஊதிய உயர்வில் ஒரு பகுதியைச் சேமிப்பதாக முன்கூட்டியே ஒப்புக்கொண்ட தொழிலாளர்களின் சேமிப்பு, 40 மாதத்தில் சம்பளத்தின் 3.5 சதவீதத்திலிருந்து 13.6 ஆக உயர்ந்தது. கைக்கு வராத பணத்தை விட்டுக்கொடுப்பது சுலபம். அடுத்த உயர்வில் பாதியை இந்த டெபிட் ஆர்டரில் சேர்ப்பதாக இப்போதே கணவரிடம் பேசி முடிவு செய்யுங்கள்.

இதெல்லாம் கார்டுக்கும் கடைக்கும்தான். மஷோனிசா எனப்படும் கந்துவட்டிக்காரரிடம் மாதம் 30 சதவீதத்துக்கு வாங்கியிருந்தால் நான் இவ்வளவு எழுதியிருக்கவே மாட்டேன். வரியைக் கட்டிவிட்டு அன்றைக்கே எடுங்கள் என்றிருப்பேன். வீடு ஏலத்துக்குப் போகும் நிலையிலும் அப்படித்தான்.

எப்படியும் எடுப்பதென்று முடிவானால், வருமான வரித் துறையில் பழைய பாக்கி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் அதையும் பிடித்துக்கொண்டுதான் மீதியைத் தருவார்கள். முழு 30,000-ஐயும் எடுத்தாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. இரண்டு துணிக்கடைக் கணக்குகளையும் மூட 6,200 ராண்ட் போதும்; அதற்கு நீங்கள் எடுக்க வேண்டியது ஏறக்குறைய 8,400, அதோடு நிர்வாகக் கட்டணம்.