டான்சில் ஆபரேஷன் வலி: குழந்தை அழுதால்தான் மருந்தா?

கேள்வி: என் 7 வயது மகளுக்கு டான்சில் எடுத்து நான்கு நாள் ஆகிறது. எடை 20 கிலோ. முதலில் நன்றாக இருந்தவள் இப்போது எச்சில் விழுங்கவே அழுகிறாள், காதும் வலிக்கிறதாம். பாராசிட்டமால் அடிக்கடி கொடுத்தால் ஈரல் கெட்டுவிடும் என்று மாமியார் சொல்வதால் ரொம்ப அழும்போது மட்டும் கொடுக்கிறேன். சரியா?

பதில்: அழும்வரை காத்திருப்பதை இன்றே நிறுத்துங்கள், அம்மா. இந்த வலி மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள்வரை கூடுவது வழக்கம்தான், முழுதாக அடங்கப் பத்து நாள்கூட ஆகலாம். தொண்டைக்கும் காதுக்கும் ஒரே நரம்பின் கிளைகள் போவதால்தான் காது வலி. தொண்டையில் வெள்ளையாகத் தெரிந்தால் அது சீழ் இல்லை, புண் ஆறும்போது படிகிற படலம்.

வலி முற்றிய பிறகு கொடுத்தால் மருந்து கேட்கவே அரை மணி, ஒரு மணி ஆகிவிடும், அதற்குள் குழந்தை தண்ணீரையும் ஒதுக்கிவிடுவாள், தொண்டை காய்ந்து வலி இன்னும் கூடும். அதனால் கடிகாரத்தைப் பார்த்துக் கொடுங்கள், ராத்திரியும் ஒருமுறை எழுப்பி. கிலோவுக்கு 15 மில்லிகிராம் கணக்கில் அவளுக்கு ஒரு வேளைக்கு 300 மி.கி., ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை, நாளுக்கு நான்கு வேளைக்கு மேல் வேண்டாம். 5 மில்லியில் 250 மி.கி. உள்ள சிரப் என்றால் 6 மில்லி, 120 மி.கி. உள்ளது என்றால் 12.5 மில்லி. பாட்டிலைப் படிக்காமல் 'ஒரு ஸ்பூன்' என்று ஊற்றுவதுதான் எனக்குக் கவலை. ஈரல் நோய் இல்லாத குழந்தைக்கு இந்த அளவில் சில நாள் கொடுத்தால் ஈரல் கெடாது, மாமியாரிடம் தைரியமாகச் சொல்லுங்கள்.

அப்படியும் வலி அடங்காவிட்டால் இபுப்ரோஃபென் என்ற இன்னொரு வலி மருந்தையும் சேர்க்கலாமா என்று ஆபரேஷன் செய்த டாக்டரிடம் கேளுங்கள். கடையில் கிடைக்கும் சில சிரப்பில் இபுப்ரோஃபெனும் பாராசிட்டமாலும் கலந்தே இருக்கும், அதோடு தனியாகப் பாராசிட்டமாலும் கொடுத்தால் அதன் அளவு இரட்டிப்பாகிவிடும். ஆஸ்பிரின் கூடாது. கோடீன், டிரமடால் என்ற கடுமையான வலி மருந்துகள் இரண்டும் சில குழந்தைகளின் உடலில் வேகமாக மாறி மூச்சையே அடக்கிவிடும்; டான்சில் எடுத்த 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு இவற்றைக் கொடுக்கக் கூடாது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே எச்சரித்திருக்கிறது. சில இருமல் மருந்துகளில் கோடீன் இருக்கும், அதனால் வீட்டில் மீந்துபோன இருமல் மருந்தை எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள்.

மருந்து கொடுத்த அரை மணி கழித்து இளநீர், ஆறிய கஞ்சி, ஐஸ்கிரீம், எது இறங்குகிறதோ அது, வாய் வாயாக. எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லையா, உடனே டாக்டரிடம் காட்டுங்கள். ஐந்தாம் நாளுக்குப் பிறகு படலம் உதிரும்போது ரத்தம் வரலாம். புது ரத்தமாகக் கொஞ்சம் துப்பினாலும், தூக்கத்தில் அடிக்கடி எதையோ விழுங்கிக்கொண்டே இருந்தாலும், விடியட்டும் என்று இருக்காமல் அப்போதே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.