ஐந்து மணிக்கு இருட்டிவிடும், அப்புறம்?

கேள்வி: அக்கா, கல்யாணமாகி ஆறு வருடம். அவர் கப்பலில் வேலை பார்க்கிறார், வருடத்தில் பாதி நாள் ஊரில் இல்லை. ஜனவரியில் பிள்ளையை அம்மாவிடம் விட்டுவிட்டு எட்டு நாள் இத்தாலி போகிறோம். தினமும் பெட்டி கட்ட முடியாது, ஒரே ஊரில் தங்கித்தான் சுற்ற வேண்டும். எனக்கு மலைச்சரிவில் வீடு அடுக்கிய பொசிட்டானோ ஆசை, அவருக்கு வெனிஸ். எது சரி? (வாசகி, தங்கச்சிமடம்)

பதில்: ரெண்டும் வேண்டாம் தங்கச்சி. வட இத்தாலியில் இருக்கும் வெரோனாவில் தங்குங்கள்.

நீங்கள் படத்தில் பார்த்தது கோடைக்காலத்துப் பொசிட்டானோ. ஜனவரியில் ஓட்டல்கள் பெரும்பாலும் பூட்டிக் கிடக்கும், கரையோர ஊர்களுக்குப் போகும் படகுகளும் நின்றிருக்கும். நானே ஒரு ஜனவரியில் அந்தப் பக்கம் போய் மாட்டிக்கொண்டவள். திறந்திருந்த ஒரு காபிக் கடையில் நாற்காலிகளை மேசைமேல் கவிழ்த்துவிட்டு, இதுகள் எப்போது எழுந்து போகும் என்று கடைக்காரர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே மழை, அலை, ஆளில்லாத படிக்கட்டு. இதைப் பார்க்க அவ்வளவு தூரம் எதற்கு, புயல் கூண்டு ஏற்றிய நாளில் பாம்பன் கரையில் நின்றால் போதாதா?

குளிர்காலத்தில் ஊர் தேடும்போது ஒன்றை மட்டும் யோசியுங்கள். ஐந்து, ஐந்தரைக்கெல்லாம் இருட்டிவிடும். பகலில் எங்கே சுற்றினாலும் அதற்குப் பிறகு தூங்கும்வரை உங்களுக்கு இருப்பது தங்கும் ஊர்தான். அந்த நேரத்தில் கடைவீதியில் விளக்கெரிய வேண்டும், உள்ளூர் ஜனம் நடமாட வேண்டும், சாப்பிட்டுவிட்டு ரெண்டு பேரும் கைகோத்து அறைக்கு நடந்தே வர முடிய வேண்டும். வெரோனா அப்படிப்பட்ட ஊர். அடிஜே ஆறு வளைந்து ஓடுகிறது, உள்ளே பழைய ஊர், நடுவில் ரோமானியர் கட்டிய வட்ட அரங்கம், எல்லாம் நடை தூரம். மாலையில் பளிங்குக் கல் பாவிய மாட்சினித் தெருவில் ஊரே உலாத்தும்.

ஜூலியட் வீடு என்று ஒன்றைக் காட்டுவார்கள். அந்த மாடத்தைப் பார்த்து உருகிவிடாதீர்கள், போன நூற்றாண்டில் ஒட்டவைத்தது அது. எனக்குப் பிடித்தது வேறு: உலகம் முழுக்கக் காதலில் தவிக்கிறவர்கள் ஜூலியட் பேருக்குக் கடிதம் போடுகிறார்கள், உள்ளூரில் சிலர் தன்னார்வமாக உட்கார்ந்து அவற்றுக்குப் பதில் எழுதுகிறார்கள். என் ஜாதி!

வெனிஸ் ரயிலில் ஒன்றேகால் மணி நேரம்தான், அதனால் அவர் ஆசைக்கும் ஒரு முழு நாள் உண்டு. கார்டா ஏரிக்கு அரை மணி, பனிமலை வேண்டுமென்றால் பொல்சானோவுக்கு ரெண்டு மணிக்குள். ஜனவரி 6 மூன்று ராஜாக்கள் பண்டிகை முடிந்த பிறகு போங்கள், கூட்டமும் அறை வாடகையும் இறங்கியிருக்கும். கிறிஸ்துமஸ் ரொட்டியான பண்டோரோ அப்போது பல கடைகளில் விலை குறைத்துக் கிடக்கும். வெரோனாவின் சொந்தப் பண்டம்தான். பொடித்த சர்க்கரையைப் பைக்குள்ளேயே கொட்டி, வாயைப் பிடித்துக் குலுக்கினால் ரொட்டி முழுக்க வெள்ளை பூசிக்கொள்ளும். அதை அவர் குலுக்கட்டும், கோட்டெல்லாம் சர்க்கரையாகும்.

குளிர்? இரவில் பூச்சியம் வரை, சில நாள் அதற்குக் கீழேயும் இறங்கும், சில நாள் காலையில் எதிர்வீடு தெரியாத மூடுபனி. நம் வாடைக்காற்றுக்குப் போடும் ஸ்வெட்டர் எல்லாம் அங்கே பனியனுக்குச் சமம். நல்ல காலணி முக்கியம், கல் தரையிலிருந்துதான் குளிர் ஏறும்.

கேள்வி: எங்களுக்கு இருபத்தைந்தாவது கல்யாண நாள், பிப்ரவரியில். இத்தாலி போக ஆசை, ஆனால் அவளுக்குக் குளிர் சேராது, மூச்சு இழுக்கும். இதமான ஊர் இருக்கிறதா? (வாசகர், தொண்டி)

பதில்: முதலில் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள் அண்ணே. சரி என்றால் தெற்கே சிசிலித் தீவில் இருக்கும் சிராக்கூசாவுக்குப் போங்கள், அதிலும் ஓர்டிஜியா என்ற பழைய பகுதியில் அறை எடுங்கள். அது ஒரு குட்டித் தீவு, பாலம் தாண்டினால் பெரிய ஊர், நம்மவர்களுக்குப் புதிதில்லை. பகலில் 15 டிகிரி சுமாருக்கு இருக்கும். ஆனால் நமக்கு வடகிழக்குப் பருவமழை போல அங்கேயும் மழை குளிர்காலத்தில்தான், குடை இல்லாமல் போகாதீர்கள். அறையில் ஹீட்டர் உண்டா என்று கேட்டே பதிவு செய்யுங்கள், பழைய கல் வீடுகள் வெளியைவிட உள்ளே சில்லென்று இருக்கும்.

பேராலயச் சுவரைக் கவனியுங்கள், கிறிஸ்துவுக்கு முன் 5ஆம் நூற்றாண்டுக் கிரேக்கக் கோயிலின் தூண்கள் அப்படியே சுவருக்குள் நிற்கின்றன. காலையில் மீன் சந்தை. நாம் கழுவிக் கொட்டுகிற கணவாய் மையை அங்கே பாஸ்தாவில் பிரட்டிக் கன்னங்கரேல் என்று தட்டில் வைப்பார்கள், ருசி நன்றாகவே இருக்கும், பல்தான் கறுத்துப்போகும். கல்யாண நாள் போட்டோவை அதற்கு முன்பே எடுத்துவிடுங்கள்.

விமானத்தில் பக்கத்து நகரமான கத்தானியா வரை போய்விடலாம். ஆனால் நேரம் இருந்தால் ரோமிலிருந்து ரயில் ஏறுங்கள், பத்து மணி நேரத்துக்கு மேல் ஆகும், ஆகட்டும். தனுஷ்கோடியில் ரயிலை விட்டு இறங்கி, கப்பல் ஏறித் தலைமன்னார் போன போட் மெயில் கதையை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லியிருப்பார்கள், 1964 புயலோடு அது போயிற்று. இத்தாலிக் கரைக்கும் சிசிலிக்கும் நடுவிலுள்ள மெசினா நீரிணையில் யாரும் பெட்டி தூக்கிக்கொண்டு இறங்க வேண்டாம், ரயில் பெட்டிகளையே கப்பலுக்குள் தள்ளி ஏற்றிவிடுகிறார்கள். ஜன்னலோரம் உட்கார்ந்தே இருந்துவிடாதீர்கள், இரும்புச் சுவர்தான் தெரியும். அவங்களைக் கூட்டிக்கொண்டு மேல்தளத்துக்குப் போங்கள், சால்வையோடு.