பெடலில் கால் நிற்கவில்லை

கேள்வி: ஐயா, அப்பா வாங்கிய பழைய மஹிந்திரா சி.ஜே. 3பி ஜீப் இன்னும் ஓட்டத்தில் இருக்கிறது. மலையில் உள்ள ஏலத்தோட்டத்துக்கு அதில்தான் போய்வருகிறேன். பிரேக், கிளட்ச் இரண்டு பெடலும் தேய்ந்து எவர்சில்வர் தட்டு மாதிரி மினுங்குகின்றன. போன மழையில் இறக்கத்தில் பிரேக்கிலிருந்து செருப்பு நழுவிவிட்டது. ஹேண்ட் பிரேக்கை இழுத்துத்தான் நிறுத்தினேன். ரப்பர் உறை இரண்டு முறை வாங்கி மாட்டினேன், இரண்டும் கழன்றுவிட்டன. என்ன செய்யலாம்?
– ஒரு வாசகர், போடிநாயக்கனூர்

பதில்: தம்பி, ஹேண்ட் பிரேக்கை இழுத்தது அன்றைக்கு உங்களைக் காப்பாற்றியது, சரி. ஆனால் இந்த ஜீப்பில் அது சக்கரத்தைப் பிடிப்பதில்லை. டிரான்ஸ்ஃபர் கேஸுக்குப் (முன், பின் சக்கரங்களுக்கு ஓட்டத்தைப் பிரித்துவிடும் பெட்டி) பின்னால், பின் சக்கரத்துக்கு ஓட்டத்தைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்டைப் பிடிக்கும். ஓட்டத்தில் அடிக்கடி இழுத்தால் அந்த ஷாஃப்டின் ஜாயிண்ட் போய்விடும். அதை வழக்கமாக்க வேண்டாம்.

இனி பெடலுக்கு வருவோம். இன்றைய காரில் பிரேக்கைத் தொட்டால் போதும், மிதியின் பலத்தைக் கூட்டிக்கொடுக்கும் பூஸ்டர் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். உங்கள் ஜீப்பில் நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். அழுத்தம் முழுக்க உங்கள் தொடையிலிருந்து வர வேண்டும். அதோடு பெடலின் அச்சு தரைக்கு அடியில் இருக்கிறது. மிதிக்கும்போது பெடலின் தட்டு முன்னால் போய்க்கொண்டே கீழேயும் வளைந்து இறங்கும், பாதம் அதன்மேல் உரசி நகரும். காய்ந்த காலில் இது தெரியாது. ஈரக்காலில் சேறும் சேர்ந்தால் சோப்பை மிதித்த கதைதான்.

ரப்பர் உறை ஏன் கழன்றது? கடையில் 'ஜீப் பெடல்' என்று கேட்டால் எந்த ஜீப்புக்கானது என்று பார்க்காமல் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். உறையின் உதடு தட்டின் பின்பக்கம் சுற்றிலும் இறுகப் பிடிக்க வேண்டும். வெந்நீரில் ஊறவைத்து, முக்கி முனகி மாட்டும் அளவுக்கு இறுக்கமாக இருந்தால்தான் அது நிற்கும். எளிதாகப் போய் உட்கார்ந்துவிட்டால் கழலப்போகிறது என்று அர்த்தம். பசை தடவி ஒட்டி ஏமாறாதீர்கள்.

என் யோசனை, இரும்பிலேயே பிடிப்பை உண்டாக்குவது. வெல்டிங் பட்டறையில் 12 கேஜ் வெல்டிங் ராடை வைத்து, தட்டின் குறுக்கே இடமிருந்து வலமாக நாலைந்து கோடு போடச் சொல்லுங்கள். ஒவ்வொன்றும் சுமார் 2 மில்லிமீட்டர் உயரம் இருந்தால் போதும். நெடுக்காகப் போட்டால் பயனில்லை, பாதம் மேலும் கீழுமாகத்தானே நழுவுகிறது! இரண்டு ஓரத்திலும் ஒரு சின்னக் கரை வைத்தால் பக்கவாட்டிலும் வழுக்காது. கூரான பிசிறை மட்டும் லேசாகச் சாணை பிடித்துவிட்டு, ரெட் ஆக்சைடு மெல்லிசாக ஒரு கை அடியுங்கள். பளபளப்பான எனாமல் பெயிண்ட் அடித்தால் பழைய கதைக்கே திரும்பிவிடுவோம்.

இங்கே ஒன்றை நிதானமாகப் படியுங்கள். இந்த ஜீப்பின் பெட்ரோல் டேங்க் டிரைவர் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. பெடலுக்கும் அதற்கும் கைநீட்டும் தூரம்தான். "அஞ்சு நிமிஷ வேலைண்ணே, வண்டியிலேயே வச்சுடலாம்" என்று பட்டறைப் பையன் சொல்வான். விடாதீர்கள். தட்டும் அதன் தண்டும் பெரும்பாலான பழைய ஜீப்புகளில் தரைக்குக் கீழே ஒரு போல்ட்டில்தான் பெடல் கையோடு, அதாவது அச்சில் சுழலும் இரும்புக் கையோடு, சேர்ந்திருக்கும். துரு பிடித்திருந்தால் முதல் நாள் இரவே எண்ணெய் விட்டு வையுங்கள். கழற்றி எடுத்துப் பட்டறைக்குக் கொண்டுபோங்கள். சூடு தட்டோடு நிற்கட்டும். பெடல் கையில் ராடு படவே கூடாது, அங்கே விரிசல் விட்டால் பிரேக்கே இல்லை.

மாடிப்படியில் ஒட்டும் சொரசொரப்பு டேப்பைச் சிலர் ஒட்டுகிறார்கள். டவுனுக்குள் ஓட்டுபவருக்குச் சரி. தோட்டத்துச் சேறு அதன் துகள்களுக்கு இடையில் அடைத்துக்கொண்டால் வழவழப்பாகிவிடும், ஓரமும் தூக்கிக்கொள்ளும். நடுவழியில் மாட்டிக்கொண்டால் பழைய பைக் டியூபில் வளையமாக நாலு துண்டு நறுக்கி, தட்டில் இறுக்கிப் போட்டுக்கொள்ளுங்கள். வீடு வந்து சேர அது போதும்.

அப்புறம், வாட்டர் சர்வீஸுக்கு விட்டால் பெடல் பக்கம் பாலிஷ் அடிக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஒருமுறை என் வண்டியை ஒரு இடத்தில் கழுவக் கொடுத்தேன். டயருக்கு அடிக்கும் அதே பாலிஷைப் பெடல் ரப்பருக்கும் பூசி, புதுசு மாதிரி ஆக்கிக் கொடுத்தார்கள். வாசலைத் தாண்டி முதல் கியரில் கிளட்சை மிதித்து நின்றபோது கால் வழுக்க, வண்டி ஒரு குதி குதித்து முன்னால் நின்ற மாட்டுவண்டியின் பின்பலகையில் முட்டியது. மாடு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வண்டிக்காரர்தான் என் பரம்பரையையே விசாரித்தார்.

தட்டைத் திரும்ப மாட்டியதும், தண்டு தரை ஓட்டையில் உரசாமல் பெடல் முழுசாக மேலே திரும்புகிறதா பாருங்கள். உரசினால் பிரேக் லேசாகப் பிடித்தபடியே ஓடி டிரம் சூடேறும். கால் வைக்கும் இடத்தில் தேங்காய்நார் மிதியடி கிடந்தால் எடுத்துவிடுங்கள். பிறகு என்ஜினை நிறுத்தி, சமதளத்தில் சக்கரத்துக்குக் கல் வைத்து, தோட்டத்துக்குப் போட்டுப் போகும் அதே செருப்பைத் தண்ணீரில் நனைத்து இருபது முறை பலமாக மிதித்துப் பாருங்கள். ஒருமுறை நழுவினாலும் செருப்பின் அடியைத் திருப்பிப் பாருங்கள். அதுவும் பெடல் மாதிரியே தேய்ந்து போயிருக்கும்.