கம்பஸ் கிடைக்காததற்கு வயலை ஈடு வைப்பதா?

முள்ளியவளையிலிருந்து எழுதிய அம்மாவுக்கு,

மகன் உயர்தரத்தில் கணிதப் பிரிவு, மூன்று பாடமும் சித்தி, பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் இசட் புள்ளிதான் காணாது. கனடாவிலிருக்கும் உங்கள் தம்பி, "கொழும்பில காசு கட்டி ஆர்க்கிடெக் படிப்பிப்பம், பாதி நான் தாறன், மிச்சத்துக்கு வயலை ஈடு வையுங்கோ" என்கிறார். பொடியனோ விடிந்தால் மேசன்மாரோடு நிற்கிறான், கொப்பியின் பின்பக்கமெல்லாம் வீட்டுப் பிளான் கீறுகிறான். அவன் மேசனாகவே நின்றுவிடுவானோ என்ற உங்கள் பயம் விளங்குகிறது. ஆனாலும் வயலை ஈடு வைக்காதீர்கள்.

கட்டடக்கலை நல்ல படிப்புத்தான். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் அது ஐந்தாண்டு. பிறகும் பதிவு பெறத் தொழிற்பயிற்சி, பரீட்சை என்று இழுபடும். காசு கட்டிப் படித்தால் கட்டணத்தோடு கொழும்பு அறை வாடகை, சாப்பாடு, மடிக்கணினி, மாதிரி செய்யும் சாமான் எல்லாம் சேரும். மூன்றாம் வருடத்தில் தம்பிக்கு அங்கே வேலை போனால் என்ன செய்வீர்கள்? பாதியில் விட்ட படிப்புக்கு யாரும் சம்பளம் தரமாட்டார்கள், ஈட்டுவட்டியும் நிற்காது. "ஆர்க்கிடெக்" என்ற பெயர் தம்பிக்குத்தான் தேவை, மகனுக்கு அல்ல. அவன் விரும்புவது வீடு.

நான் சொல்வது படவரைஞர் வழி, அதாவது கட்டடப் பிளான் கீறும் தொழில். மற்ற வழிகளை உங்கள் உறவுக்காரர் ஏற்கெனவே மனப்பாடமாக வைத்திருப்பார்கள், அவற்றை விடுகிறேன். தேசிய தொழிற் தகைமை 4ஆம் மட்டத்தில் தொடங்கி, 5, 6 டிப்ளோமாவாகி, 7இல் பட்டத்துக்குச் சமமாகும் ஏணி இது. தொழிற்பயிற்சி அதிகார சபையில் படவரைஞர் பயிற்சி பற்றிக் கேளுங்கள். கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016இல் திறந்த இலங்கை-ஜேர்மன் பயிற்சி நிறுவகத்தில் நிர்மாணத் தொழில்நுட்பப் பிரிவு இருக்கிறது. உங்கள் வீட்டிலிருந்து எட்டாத தூரமில்லை. அங்கே முடித்து மேலே படிக்க விரும்பினால் இரத்மலானையில் யுனிவொட்டெக் என்ற தொழிற்கல்விப் பல்கலைக்கழகம் இருக்கிறது.

"பிளான் கீறுறதுக்கு ஒரு படிப்பா?" என்று தம்பி கேட்பார். இதைக் காட்டுங்கள். போருக்குப் பிறகு வன்னியில் ஐந்தரை இலட்சம் ரூபா உதவியில் கட்டிய, ஏறத்தாழ 500 சதுர அடி வீடுகள் ஊர் ஊராக நிற்கின்றன. பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், எல்லாருக்கும் இன்னொரு அறை வேண்டும். 9 அடிச் சுவரிலிருந்து 10 அடி வெளியே கூரையை இழுத்தால், 25 பாகைச் சாய்வில் ஓடு ஏறத்தாழ 4 அடி 8 அங்குலம் இறங்கும். புதுச் சுவர் 4 அடி 4 அங்குலத்தில் நிற்கும், ஆட்டுக்கொட்டிலுக்குக் காணும். ஓட்டுக்குப் பதில் சீற் போட்டுச் சாய்வை 10 பாகைக்குக் குறைத்தால் 7 அடி 3 அங்குலம் மிஞ்சும். வழமையாக நடப்பது இதுதான். சித்திரை வெயிலில் அந்த அறைக்குள் இருக்க ஏலாது, பழைய அறையின் யன்னலும் அடைபடும். முக்கோணச் சுவர்ப் பக்கம் முகட்டுவளையை, அதாவது கூரை உச்சி மரத்தை, அப்படியே நீட்டினால் உயரமும் சாய்வும் மாறாது. இதைக் கட்டுமுன் கடதாசியில் கண்டுபிடிப்பவன்தான் படவரைஞன்.

அத்திவாரத்திலும் அப்படித்தான். பழைய சுவர் பத்து வருடத்தில் இறங்க வேண்டியதெல்லாம் இறங்கி நிற்கும், புதியது இனித்தான் இறங்கும். இரண்டையும் கல்லோடு கல்லாகப் பின்னினால் முதல் மாரியிலோ அடுத்த கோடையிலோ மூலையில் மேலிருந்து கீழாக வெடிக்கும். களிமண் காணியென்றால் நிச்சயம். அரை அங்குல இடைவெளி விட்டு, நெகிழ்ந்துகொடுக்கும் நிரப்பியால் மூட வேண்டும். பழைய அத்திவாரத்தை ஒட்டி அதன் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டவும் கூடாது.

இன்னொன்றை வன்னியில் சொல்லாமல் விட முடியாது. சக்கர நாற்காலியில் இருப்பவர்கள் நம்மிடையே எத்தனையோ பேர். "வாசற்படியில ஒரு சரிவு போட்டுவிடு தம்பி" என்பார்கள். வீட்டுத்தளம் நிலத்திலிருந்து 18 அங்குலம் என்றால், ஓர் அங்குல உயரத்துக்குப் பன்னிரண்டு அங்குல நீளம் என்ற சாய்வில் அந்தச் சரிவு 18 அடி நீளும். முற்றத்துக்குள் நேரே விட முடியாது, விறாந்தையோரமாக மடிக்க வேண்டும். மலசலகூடத்தில் நாற்காலி திரும்ப 5 அடி விட்ட வெளி, 3 அடிக் கதவு, அதுவும் வெளிப்பக்கம் திறப்பதாக. உள்ளே விழுந்தவரின் உடல் தடுத்தால் உள்நோக்கிய கதவு திறக்காது.

வீட்டுக்காரர் "மூன்று அறை" என்பார். நல்ல படவரைஞன் வேறு கேட்பான்: அறுவடை முடிந்தால் நெல்மூட்டை எங்கே அடுக்குவீர்கள், மழைக்கு விறகு எங்கே, இரவில் மோட்டார் சைக்கிள் எங்கே? சாத்திரக்காரரோடும் சண்டை வேண்டாம். சோளகம் தென்மேற்கிலிருந்தும் வாடை வடகிழக்கிலிருந்தும் வருகின்றன, தென்கிழக்கு அக்கினி மூலையிலுள்ள குசினியின் புகை இரண்டு காற்றிலும் வீட்டுக்கு வெளியேதான் போகும். பழைய ஆட்கள் மோடர்கள் இல்லை.

குறையையும் சொல்லிவிடுகிறேன். தொடக்கச் சம்பளம் சிறிது. தன்னைக் கட்டடக் கலைஞர் என்று அவன் போட்டுக்கொள்ள முடியாது. மாடி, கொங்கிறீற் தட்டு என்றால் பொறியியலாளரிடம் போயே ஆக வேண்டும். எந்த அளவுக் கட்டடத்தின் வரைபடத்தில் யார் ஒப்பமிடலாம் என்பதைப் பிரதேச சபையில் முதலே கேட்க வேண்டும்.

மகனிடம் 100 அடி நாடாவைக் கொடுத்து, உங்கள் வீட்டை அளந்து ஒரு மீற்றர் ஒரு சென்ரிமீற்றராகக் கீறச் சொல்லுங்கள். ஒரு கிழமை போதும். சுவர்த் தடிப்பு, யன்னல் அடி உயரம், அறையின் மூலைவிட்டம் மூன்றையும் கேட்காமலே எழுதியிருந்தால் அவனை மறிக்காதீர்கள். நிறம் தீட்டிய முன்பக்கப் படம் மட்டும் கொண்டுவந்தால் எனக்கு எழுதுங்கள், வேறு வழி பேசுவோம். தம்பி உண்மையாகவே உதவ விரும்பினால் ஒரு மடிக்கணினியும் போக்குவரத்துச் செலவும் அனுப்பட்டும். காணி உறுதி பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும்.